காசு கட்டினால் யாரும் ஆடலாம்... உலக நட்சத்திரங்கள் ஆடிய விஸ்கான்சின் 'பப்ளிக்' கோல்ஃப் மைதானங்கள்: எங்கே? எப்படி?

கோல்ஃப் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது பெரிய கேட், செக்யூரிட்டி, 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்ற போர்டுதான். அது முழுக்க தப்பும் இல்லை. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தில், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஒரு உறுப்பினர் அழைக்காமல் நீங்கள் ஆட முடியாது.

ஆனால் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் கதையே வேற. யு.எஸ். ஓபன், பிஜிஏ சாம்பியன்ஷிப், ரைடர் கோப்பை என உலகின் பெரிய போட்டிகள் நடந்த மைதானங்கள் இங்கே பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. முன்பதிவு செய்து கட்டணம் கட்டினால் போதும், டைகர் வுட்ஸ் நின்ற இடத்தில் நீங்களும் நின்று பந்தை அடிக்கலாம்.

அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே மாநிலத்தில், ஒரே 'பப்ளிக்' என்ற பெயரில், சில பத்து டாலரில் ஆடும் இடமும் உண்டு, பல நூறு டாலர் கேட்கும் இடமும் உண்டு. எது எந்த வகை, எங்கே என்ன சிறப்பு, போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்? வாங்க பார்க்கலாம்.

'பப்ளிக்' மைதானம் என்றால் என்ன?

உறுப்பினர் அட்டை இல்லாமல், யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி ஆடக்கூடிய இடம்தான் பப்ளிக் கோல்ஃப் மைதானம். இதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, அரசு நடத்துவது. மாநகராட்சி அல்லது கவுன்ட்டி நிர்வாகம் பூங்கா நடத்துவது போலவே கோல்ஃப் மைதானமும் நடத்தும். பெரும்பாலும் கட்டணம் குறைவு. உள்ளூர்வாசிகளுக்கு சலுகையும் கிடைக்கும்.

இரண்டாவது, தனியார் நடத்தினாலும் தினசரிக் கட்டணத்தில் எல்லோரையும் அனுமதிப்பது. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

மூன்றாவது, ரிசார்ட் மைதானம். ஹோட்டல், உணவகம் எல்லாம் சேர்ந்த இடம். வெளியாட்களும் ஆடலாம், ஆனால் தங்குபவர்களுக்குத்தான் பல இடங்களில் முன்னுரிமை. கட்டணமும் இங்கேதான் உச்சம்.

இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பிடுவதால்தான் குழப்பம். பப்ளிக் என்றால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். விலை குறைவு என்று அர்த்தம் இல்லை.

விஸ்கான்சினில் மட்டும் ஏன் இத்தனை நல்ல மைதானங்கள்?

காரணம் பனிப்பாறைகள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிலத்தின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது மேடு, பள்ளம், குளம், மணல் என எல்லாவற்றையும் விட்டுச் சென்றன. வட அமெரிக்காவின் கடைசிப் பனியுகக் கட்டத்துக்கே 'விஸ்கான்சின்' என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கோல்ஃபுக்கு வேண்டியது இந்த மாதிரி நிலம்தான். தண்ணீர் தேங்காத மணல், புல்டோசர் வைத்து உருவாக்காத இயற்கையான ஏற்ற இறக்கம். இரண்டும் இங்கே இலவசமாகக் கிடைத்தன.

1. பிரவுன் டியர் பார்க், மில்வாக்கி

முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். மில்வாக்கி கவுன்ட்டியின் பூங்காத் துறை நடத்தும் மைதானம். 1929-ல் திறக்கப்பட்டது. பொது மைதானங்களில் ஆடுபவர்களுக்கான தேசிய அளவிலான அமெச்சூர் போட்டியும் இங்கே மூன்று முறை நடந்திருக்கிறது.

1996 ஆகஸ்ட். அமெச்சூர் பட்டத்தை தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்ற கையோடு, 20 வயது இளைஞர் ஒருவர் தொழில்முறை வீரராக மாறி தன் முதல் போட்டியை ஆட வந்தார். வந்த இடம் பிரவுன் டியர். அந்த இளைஞர்தான் டைகர் வுட்ஸ்.

அந்தப் போட்டியில் அவர் ஜெயிக்கவில்லை. 60-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பரிசுத் தொகை 2,544 டாலர். ஆனால் கடைசி நாளில் 14-வது குழியில் ஒரே அடியில் பந்தை உள்ளே போட்டார். அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிகளில் 'வெள்ளையர் மட்டும்' என்ற பிரிவு 1961 வரை இருந்தது. பல தனியார் கிளப்புகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் பலருக்கும் ஆட வாய்ப்பு இருந்த ஒரே இடம் ஊர்ப் பொது மைதானம்தான். அதிலும் சில நகரங்களில் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டைகர் வுட்ஸ் ஒரு கவுன்ட்டி பூங்காவில் தன் தொழில் வாழ்க்கையைத் தொடங்கினார் என்பதை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

மில்வாக்கி கவுன்ட்டி இது போல பத்துக்கும் மேற்பட்ட மைதானங்களை நடத்துகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற, எல்லாக் குழிகளும் குறைந்த தூரத்தில் இருக்கும் 'பார்-3' மைதானங்களும் அதில் உண்டு.

2. விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸ், கோஹ்லர்

நம் ஊர் வீடுகளில், ஹோட்டல்களில் குளியலறைக் குழாயில் 'கோஹ்லர்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அதே நிறுவனம்தான் இந்த மைதானத்துக்கும் சொந்தக்காரர். மில்வாக்கியிலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி, கிட்டத்தட்ட 2 மைல் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது இந்த மைதானம். பார்த்தால் அயர்லாந்து கடற்கரை மாதிரி மணல்மேடு மணல்மேடாக இருக்கும். ஆனால் எல்லாமே செயற்கை! முன்பு இது ராணுவத்தின் விமான எதிர்ப்புப் பயிற்சி முகாமாக இருந்த தட்டையான நிலம். வடிவமைப்பாளர் பீட் டை லாரி லாரியாக மணலைக் கொட்டி இந்த மேடுகளை உருவாக்கினார். 1998-ல் திறக்கப்பட்டது.

மைதானத்தில் இருக்கும் மணல் பங்கர்கள் சுமார் ஆயிரம். இந்த ஆயிரத்தில் ஒன்றுதான் 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் டஸ்டின் ஜான்சனின் கனவைக் கலைத்தது. கடைசிக் குழியில், பார்வையாளர்கள் மிதித்து நடந்த ஒரு மண் திட்டில் பந்து விழுந்தது. அது பங்கர் என்று நினைக்காமல், அடிப்பதற்கு முன் கிளப்பைத் தரையில் வைத்துவிட்டார். பங்கரில் அப்படிச் செய்யக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். பிளே-ஆஃப் வாய்ப்பே பறிபோனது. ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் பட்டம் வென்றார்.

இந்திய ரசிகர்களுக்கும் இந்த இடம் நெருக்கமானது. 2004-ல் இங்கே பிஜிஏ பட்டம் வென்றவர் பிஜி நாட்டைச் சேர்ந்த இந்திய வம்சாவளி வீரர் விஜய் சிங். 2015-ல் இதே மைதானத்தில் இந்தியாவின் அனிர்பன் லஹிரி ஐந்தாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2021-ல் இங்கே நடந்த ரைடர் கோப்பையில் அமெரிக்கா 19-9 என்ற கணக்கில் ஐரோப்பாவைத் தோற்கடித்தது.

கவனிக்க வேண்டியது: பிரதான ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் வண்டி கிடையாது, நடந்துதான் ஆட வேண்டும். பையைச் சுமந்து வழிகாட்டும் 'கேடி'யும் கட்டாயம். அவருக்கான கட்டணமும் டிப்ஸும் தனி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் மாநிலத்திலேயே அதிகம் செலவாகும் இடங்களில் இதுவும் ஒன்று. பக்கத்திலேயே இருக்கும் 'ஐரிஷ்' மைதானத்தில் வண்டி அனுமதி உண்டு.

3. பிளாக்வுல்ஃப் ரன், கோஹ்லர்

இதுவும் கோஹ்லர் நிறுவனத்துடையதுதான், வடிவமைப்பும் அதே பீட் டை. ஷெபாய்கன் ஆறு வளைந்து வளைந்து போகும் நிலம். 1988-ல் திறக்கப்பட்டது.

1998-ல் இங்கே நடந்த மகளிர் யு.எஸ். ஓபன், ஒரு நாட்டின் விளையாட்டு வரலாற்றையே மாற்றியது. தென் கொரியாவின் 20 வயது சே ரி பாக், பிளே-ஆஃபின் 18-வது குழியில் பந்தை நீர்க்கரைச் சரிவில் விட்டுவிட்டார். ஷூ, சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி நின்று பந்தை அடித்து வெளியே எடுத்தார். மொத்தம் 20 குழிகள் நீண்ட அந்த பிளே-ஆஃபில் கடைசியில் அவரே ஜெயித்தார்.

அந்தக் காட்சியை டிவியில் பார்த்து வளர்ந்த கொரியச் சிறுமிகள்தான் பின்னாளில் உலக மகளிர் கோல்ஃபை ஆண்டார்கள். 2012-ல் மகளிர் யு.எஸ். ஓபன் மறுபடி இங்கே வந்தபோது கோப்பையை வென்றவரும் ஒரு தென் கொரியர்தான். பெயர் நா யோன் சோய்.

4. எரின் ஹில்ஸ்

மில்வாக்கியிலிருந்து வடமேற்கே சுமார் 35 மைல். பனிப்பாறை செதுக்கிய மேடு பள்ளங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ரொம்பக் குறைவாக மண்ணை நகர்த்திக் கட்டப்பட்ட மைதானம். தூரத்தில் ஹோலி ஹில் தேவாலயத்தின் கோபுரங்கள் தெரியும்.

2006-ல் திறந்த இந்த மைதானத்துக்கு 2017-ல் யு.எஸ். ஓபன் வந்தது. விஸ்கான்சினில் அந்தப் போட்டி நடந்தது அதுதான் முதல் முறை. புரூக்ஸ் கெப்கா 16 அண்டர் பார் எடுத்து பட்டம் வென்றார். 2025-ல் மகளிர் யு.எஸ். ஓபன் இங்கே நடந்தது. ஸ்வீடனின் மாயா ஸ்டார்க் கோப்பையைத் தூக்கினார்.

இங்கேயும் நடை மட்டும்தான். ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால், முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொண்டு போவது நல்லது. கட்டணமும் உயர்ந்த வகை.

5. சாண்ட் வேலி

மாநிலத்தின் நடுப்பகுதியில், ரோம் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பனியுகத்தில் இங்கே ஒரு பிரம்மாண்டமான ஏரி இருந்தது. அது வடிந்தபோது விட்டுச்சென்ற மணல்தான் இன்றைய மைதானம். இடையில் காகிதத் தொழிலுக்காக பைன் மரங்கள் வரிசை வரிசையாக நட்டு வளர்க்கப்பட்டன. மைதானம் கட்டியவர்கள் அந்த மரங்களை அகற்றி, பழைய மணல்வெளியையும் அதற்குரிய செடி கொடிகளையும் மீட்டெடுத்து வருகிறார்கள்.

2017-ல் முதல் மைதானம், 2018-ல் மம்மத் டியூன்ஸ், 2024-ல் செட்ஜ் வேலி என ஒவ்வொன்றாகத் திறந்தன. 'சாண்ட்பாக்ஸ்' என்ற 17 குழிகள் கொண்ட குட்டி மைதானமும் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது ஜாலியான இடம்.

ஒரு எச்சரிக்கை: இதே வளாகத்தில் இருக்கும் 'லிடோ' மட்டும் தனியார் மைதானம். ரிசார்ட்டில் தங்குபவர்களுக்கு குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வாய்ப்பு கிடைக்கும்.

6. லாசோனியா, கிரீன் லேக்

பெரிய போட்டி எதுவும் நடந்த பெயர் இல்லை. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கை காட்டுவது இதைத்தான். சிகாகோ டெய்லி நியூஸ் பத்திரிகை அதிபர் விக்டர் லாசனின் எஸ்டேட்டாக இருந்த நிலம். 1930-ல் திறந்த 'லிங்க்ஸ்' மைதானத்தை வடிவமைத்தவர்கள் லாங்ஃபோர்ட், மோரோ ஜோடி.

இதன் அடையாளம், சுற்றிலும் செங்குத்தாகச் சரியும் உயரமான புல்மேடைகள். 7-வது குழியின் மேடைக்கு அடியில் ஒரு ரயில் பெட்டியே புதைந்திருப்பதாக ஊரில் கதை சொல்வார்கள். ரிசார்ட் மைதானங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் கணிசமாகக் குறைவு. கொடுத்த காசுக்கு வரலாறும் கிடைக்கும்.

7. சென்ட்ரிவேர்ல்ட், ஸ்டீவன்ஸ் பாயிண்ட்

1982-ல் திறக்கப்பட்டது. இங்கே 16-வது குழிதான் ஸ்டார். குறைந்த தூரக் குழி, சுற்றிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பூச்செடிகள். பந்தை அடிப்பதை விட்டுவிட்டு போட்டோ எடுப்பவர்கள்தான் அதிகம். பூப்படுகையில் பந்து விழுந்தால் தேடி உள்ளே போகக் கூடாது, அதை மறந்துவிட வேண்டியதுதான்.

2023 சீனியர் யு.எஸ். ஓபன் இங்கேதான் நடந்தது. 65 வயது பெர்ன்ஹார்ட் லாங்கர் பட்டம் வென்றார். சீனியர் சுற்றில் அது அவருக்கு 46-வது வெற்றி, புதிய சாதனை.

8. மேடிசன்: பல்கலைக்கழகமும் மாநகராட்சியும்

தலைநகர் மேடிசனில் படிக்கும், வேலை பார்க்கும் இந்தியர்களுக்கு பக்கத்திலேயே இரண்டு வாய்ப்புகள் உண்டு.

ஒன்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் யுனிவர்சிட்டி ரிட்ஜ். 1991-ல் திறக்கப்பட்டது. பல்கலைக்கழக அணியின் சொந்த மைதானம் என்றாலும் பொதுமக்களும் ஆடலாம். 2016 முதல் 2024 வரை சீனியர் வீரர்களுக்கான தொழில்முறைப் போட்டி இங்கே நடந்தது.

இன்னொன்று, மாநகராட்சி மைதானங்கள். இங்கேதான் பொது கோல்ஃபின் நிஜமான சிக்கல் தெரியும். நகர நிர்வாகத்துக்கு இவை பல ஆண்டுகள் நஷ்டக் கணக்காகவே இருந்தன. இத்தனை பெரிய நிலத்தை கோல்ஃபுக்காக வைத்திருக்கத்தான் வேண்டுமா என்ற விவாதமும் எழுந்தது. 36 குழிகள் இருந்த யஹாரா ஹில்ஸின் ஒரு பெரும்பகுதி, குப்பைக் கிடங்கு விரிவாக்கத்துக்காக கவுன்ட்டிக்கு விற்கப்பட்டது.

9 குழிகள் மட்டுமே கொண்ட கிளென்வே மைதானத்துக்கு வேறு தலையெழுத்து. சாண்ட் வேலியை நடத்தும் கைசர் குடும்பத்தின் நிதியுதவியில் அது புதுப்பிக்கப்பட்டு, 2022-ல் 'தி கிளென் கோல்ஃப் பார்க்' என்ற பெயரில் மறுபடி திறந்தது. அதாவது, பணக்காரர்களுக்கான ரிசார்ட் நடத்துபவர்களே தெருமுனை மைதானத்தையும் காப்பாற்றினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லா ஊருக்கும் அப்படி ஒரு குடும்பம் கிடைக்காதே!

எங்கே போகலாம்? உங்களுக்கு ஏற்றது எது?

முதல் முறை ஆடுபவர்: கவுன்ட்டி அல்லது மாநகராட்சியின் 9 குழி, பார்-3 மைதானம். பெரிய மைதானத்துக்கு நேராகப் போனால் பந்தும் காலி, பணமும் காலி.

ஓரளவு ஆடத் தெரிந்தவர், பட்ஜெட் முக்கியம்: பிரவுன் டியர், லாசோனியா, யுனிவர்சிட்டி ரிட்ஜ்.

வாழ்க்கையில் ஒருமுறையாவது என்று ஆசைப்படுபவர்: விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸ், எரின் ஹில்ஸ், சாண்ட் வேலி. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

குழந்தைகள்: 'யூத் ஆன் கோர்ஸ்' திட்டத்தில் சேர்ந்த சிறுவர்கள், அதில் பங்கேற்கும் மைதானங்களில் 5 டாலர் அல்லது அதற்கும் குறைவாக ஆடலாம்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சீசன்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அதன் பிறகு பனிதான். இலையுதிர்கால அதிகாலையில் புல்லில் உறைபனி இருந்தால், அது கரையும் வரை யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

கட்டணத்தைக் குறைக்கும் வழி: வார நாள், மாலை நேரம். 'ட்வைலைட்' கட்டணம் என்று கேளுங்கள். ஜூன் மாதத்தில் இரவு 8.30 மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் மாலையில் தொடங்கினாலும் நிறைய ஆடலாம். சீசனின் தொடக்கத்திலும் முடிவிலும் ரிசார்ட்களே விலையைக் குறைக்கும்.

முன்பதிவு: மைதானத்தின் இணையதளத்தில் 'டீ டைம்' பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் நான்கு பேர் ஒரு குழு. தனியாகப் போனால் வேறு குழுவோடு சேர்த்துவிடுவார்கள், தயங்க வேண்டாம்.

மொத்தச் செலவு: பதிவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வண்டி, கேடி, டிப்ஸ், வரி, வாடகைக் கிளப் எல்லாம் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்பதையும்தான்.

உடை: காலர் வைத்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டால் எங்கேயும் பிரச்சினை இல்லை. பொது மைதானங்களில் கெடுபிடி குறைவு.

நேரம்: 18 குழிகள் ஆட நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். தண்ணீர், தொப்பி, கொசு மருந்து கட்டாயம்.

கேடி வேலைக்குப் பின்னால் ஒரு படிப்புக் கதை

பை தூக்கும் வேலைதானே என்று கேடிகளை சாதாரணமாக நினைக்க வேண்டாம். பள்ளி மாணவர்கள் கேடியாக வேலை பார்த்து, நல்ல மதிப்பெண்ணும் எடுத்து, குடும்ப வருமானமும் குறைவாக இருந்தால், 'எவன்ஸ் ஸ்காலர்ஸ்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 1930-ல் தொடங்கிய இந்தத் திட்டம், கல்லூரிக் கட்டணம், தங்குமிடம் இரண்டையும் முழுமையாக ஏற்கிறது. மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்திலும் இந்த மாணவர்களுக்கென்றே விடுதிகள் இருக்கின்றன. கேடிக்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவு என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

விஸ்கான்சினில் கோல்ஃப் ஆட சிபாரிசு தேவையில்லை, உறுப்பினர் அட்டை தேவையில்லை. ரைடர் கோப்பை நடந்த மண்ணில் ஆட வேண்டும் என்றால் சேமித்துத்தான் போக வேண்டும். அதே நேரம், சனிக்கிழமை மாலை மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போய் 9 குழிகள் ஆடிவிட்டு வர, ஊர் பூங்கா மைதானமே போதும். அந்தச் சின்ன மைதானங்கள் தொடர்ந்து இருக்குமா என்பது, எத்தனை பேர் அங்கே போய் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், முதல் டீ டைமை அங்கேயே புக் பண்ணுங்க.